சொவேட்டோ குரல்களுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமி விருது என்றாலே அமெரிக்கப் பாடகர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், காஸ்பெல் எனும் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடும் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ காஸ்பெல் குழுவைப் பற்றியும் எழுதுங்களேன். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் 2002-இல் தொடங்கிய குழு இது. ஐந்தே வருடத்தில், 2007-இல், பாரம்பரிய உலக இசைக்கான கிராமியை வாங்கியது, அடுத்த வருடமும் அதே விருது, அப்புறம் 2019-இல் மூன்றாவது, அதுவும் நிறவெறிக்கு எதிரான போராட்டப் பாடல்களைப் பாடிய ஆல்பத்துக்கு.

ஆங்கிலத்திலும் பாடுவார்கள், சரி. ஆனால் ஜூலுவிலும் சோத்தோவிலும் பாடும்போதுதான் அந்தக் குரல்களுக்கு உயிரே வருகிறது! ஒருவர் தனியாக முதலடி எடுப்பார், பின்னாலேயே மொத்தக் குழுவும் பதில் சொல்லும், அடித்தொண்டையிலிருந்து ஆண்குரல்கள் வந்து சேரும் இடத்தில் ஒரு வார்த்தை புரியாமலே எனக்குக் கண் கலங்கிவிடும். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள்.