ஸ்நோ கொட்டிய நாளில் காய்ச்சியது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முந்தநாள் இரவு தொடங்கிய ஸ்நோ நேற்றுக் காலையும் விடவில்லை. ஸ்காபரோவில் வெளிக்கிட ஏலாத நாள். அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் ஸ்நோ வழித்துக்கொண்டிருந்தார். நான் பேஸ்மென்டுக்கு இறங்கி, நீ வன்கூவருக்குப் போகும்போது விட்டுப்போன பெரிய பானையையும் வெப்பமானியையும் உன் கொப்பியையும் மேலே கொண்டுவந்தேன். முளைக்கவைத்து உலர்த்தின பார்லி மோல்டும், ஹொப்ஸ் பூவும், புளிக்கவைக்கிற ஈஸ்டும் போன மாதமே வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். உன்னுடைய பேல் ஏல் பியரைக் காய்ச்சிவிட்டேன், ராசா.

நீ இங்கே காய்ச்சிய நாட்களில், குசினி முழுக்க மணக்குது என்று ஏசியிருக்கிறேன். ஒருநாளாவது பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும்.

நொறுக்கிய மோல்ட் 2 கிலோவைத் துணிப்பையில் போட்டு, 67 பாகைச் சூட்டுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டேன். அந்தச் சூட்டில்தான் மாச்சத்து சீனியாக மாறும் என்று நீ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாய். பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தேன். ஹோர்லிக்ஸ்! நீ காய்ச்சலில் கிடந்தபோது கரைத்துத் தந்த அதே இனிப்பு.

பிறகு ஒரு மணித்தியாலக் கொதி. முதலில் போடும் ஹொப்ஸ் கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசத்துக்கு. கஸ்கேட் என்ற ஹொப்ஸ் பைக்கற்றை வெட்டினதும் நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறினதுபோல ஒரு வாசம் வந்தது. அமெரிக்காவின் ஒரிகனில் உருவாக்கி 1972இல் வெளிவிட்ட இனம், கஸ்கேட் மலைத்தொடரின் பெயரை வைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். உன் பக்கத்திலிருந்து தெரிகிறது என்று படம் அனுப்பினாயே, பேக்கர் மலை, அதுவும் அந்தத் தொடரில்தானே? அடுப்படியில் நின்று அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஆறவைப்பதில்தான் பிழை விட்டேன். வெளியே முழங்காலளவு ஸ்நோ கிடக்குது, கெதியாய் ஆறிவிடும் என்று பானையை மூடி அதற்குள் புதைத்தேன். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் இன்னும் கை வைக்க முடியாத சூடு. பானையைச் சுற்றி ஸ்நோ உருகி விலகி, நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி. காற்றை அடக்கி வைத்திருக்கிற ஸ்நோ குளிரைக் கொடுக்கவில்லை, கம்பளிபோலச் சூட்டைக் காத்துக்கொண்டு நின்றது. உள்ளே கொண்டுவந்து, சிங்கில் தண்ணீரும் ஸ்நோவும் கலந்து அதற்குள் இறக்கி, பானையை ஆட்டி ஆட்டி 19 பாகைக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகுதான் வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவினேன். கை பட்ட சாமான் எல்லாவற்றையும் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் எடுத்தேன், பயப்படாதே.

ஊரில் இந்த ஈஸ்டைக் காசு கொடுத்து வாங்கவில்லை. பனையில் கட்டின முட்டிக்குள் அது தானாக வந்து சேரும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. அம்மம்மா கள்ளு விட்டுத்தான் அப்பமாவைப் புளிக்கவைப்பா. விடியப்புறம் மூடியைத் திறந்து, மா பொங்கி நிற்பதைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவா.

இன்று காலை ஐந்து மணிக்கே எழும்பிப் போய்ப் பார்த்தேன். வாளியின் மூடியில் செருகிய குழாய்க்குள் முதலில் ஒரு குமிழி. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் இருந்தபடி இருபது வரை எண்ணினேன்.

இரண்டு கிழமை புளிக்கவேண்டும், போத்தலில் இன்னும் இரண்டு கிழமை. போத்தலில் அடைக்கும்போது லீற்றருக்கு 6 கிராம் சீனி என்று எழுதியிருக்கிறாய். 8 லீற்றருக்கு 48 கிராம், சரிதானே? கூடிப்போனால் போத்தல் வெடிக்கும் என்றும் எழுதியிருக்கிறபடியால் கேட்கிறேன். மார்ச் கடைசியில் வருவதாகச் சொன்னாய், டிக்கெட் போட்டுவிட்டாயா? நீ வருமட்டும் ஒரு போத்தலும் திறக்கமாட்டேன். அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா