பத்தாவது ஆல்பத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

மாதக் கடைசி ஞாயிறுகளில் ஏற்காட்டில் கூடிப் பாட்டுக் கேட்கும் சேலம் ராக் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பிரிட்டன் ராக் குழுவான அயர்ன் மெய்டனின் ஆல்பங்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறோம். 1980இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆரம்பித்து, 1992இல் வந்த ஒன்பதாவது வரைக்கும் முடித்தாயிற்று. அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. நேராக 2000ஆம் ஆண்டு ஆல்பமாம். நடுவில் இருக்கும் இரண்டும் "பிளேஸ் காலத்துச் சமாச்சாரம், விட்டுடலாம்" என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டன. பெரிய அண்ணன்கள் இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

நான் மறுக்கிறேன். குழுவில் எழுதினால் பத்து மெசேஜுக்கு அடியில் போய்விடும். இப்போதுதான் நம்மோடு சேர்ந்திருக்கும் கல்லூரித் தம்பிகளும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன். பதினொன்றாவது ஆல்பத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. பத்தாவது, 1995 அக்டோபரில் வந்த 'தி எக்ஸ் ஃபேக்டர்', அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

தம்பிகளுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981இல் குழுவில் சேர்ந்த பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993 ஆகஸ்டில் விலகினார். அவர் இடத்துக்கு 1994இல் வந்தவர் பிளேஸ் பெய்லி, உல்ஃப்ஸ்பேன் என்ற பர்மிங்காம் பக்கத்துக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். முந்தைய ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. இது எட்டாம் இடத்தோடு நின்றது. 1981க்குப் பிறகு அதுவரை அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் அவ்வளவு கீழே நின்றதில்லை. 1999இல் டிக்கின்சன் திரும்பி வந்ததும் உலகமே பெருமூச்சு விட்டது. பிளேஸ் பாடிய ஐந்து வருடத்தை ஒரு விபத்து மாதிரி மறந்தும் விட்டார்கள்.

நம் கூட்டத்தில் இந்த ஆல்பத்தைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "அந்த ஆளுக்குப் பாட வராது." சரி, எதைக் கேட்டுவிட்டு இப்படிச் சொல்கிறோம்? யூடியூபில் கிடக்கும் 1995 முதல் 1998 வரையிலான மேடைப் பதிவுகளைக் கேட்டுவிட்டு. அவற்றில் அவர் பாடுவது யாருடைய பாட்டு? டிக்கின்சனுக்காக எழுதியவை. டிக்கின்சன் தாரஸ்தாயியில் நின்று விளையாடுகிறவர். பிளேஸுடையது பாரிடோன், கீழே கனம் உள்ள குரல். நம் ஊரில் எந்த மெல்லிசைக் குழுவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் தெருவுக்குத் தெரு கச்சேரி நடக்கும்போது, வழக்கமாகப் பாடுகிறவர் வராமல் வேறொருவர் மைக்கைப் பிடித்தால் கீபோர்டுக்காரர் முதலில் கேட்பது "எத்தனை கட்டை?" என்பதுதான். டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டிச் சுருதியை இறக்கிவிட்டுத்தான் பாட்டையே தொடங்குவார். அயர்ன் மெய்டன் அதைச் செய்யவில்லை. பழைய பாட்டுகளைப் பழைய சுருதியிலேயே வாசித்தார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு இரவும் தனக்கு எட்டாத உயரத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்து, தொண்டை கெட்டுச் சில நிகழ்ச்சிகள் ரத்தாகும் அளவுக்குப் போனது. அதை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் பதிவான ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமே இல்லை.

ஏனென்றால் ஆல்பத்தில் இருப்பது அந்தக் குரலுக்காகவே எழுதிய பாட்டு. முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சைன் ஆஃப் தி கிராஸ்' 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். மடாலயத்துத் துறவிகள் ஓதுவது போன்ற கூட்டு முணுமுணுப்பில் தொடங்கி, அடியில் பேஸ் கிட்டார் மெதுவாக நடந்து வர, பிளேஸ் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரிதான் ஆரம்பிக்கிறார். விசாரணைக்கு இழுத்துவரப்பட்டவன் பயந்து பேசும் குரல் அது. புதுப் பாடகரை அறிமுகப்படுத்தும் ஆல்பத்தில் எந்தக் குழுவும் முதலில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டுக் கூட்டத்தைக் குஷிப்படுத்தத்தான் பார்க்கும். இவர்கள் இருப்பதிலேயே நீளமான, இருட்டான பாட்டை முதலில் வைத்தார்கள். அந்தத் துணிச்சலுக்காக மட்டுமே இந்த ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்கலாம்.

இங்கே உங்கள் பதில் எனக்குத் தெரியும். "அந்தப் பாட்டுதான் ரியோ பதிவில் இருக்கே, டிக்கின்சன் இன்னும் பிரமாதமாப் பாடியிருக்காரே." 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு முன்னால் பாடியது. நானும் அதை ரசித்துத்தான் கேட்கிறேன். ஆனால் அதில் அந்தப் பாட்டின் பொருளே மாறிவிடுகிறது. டிக்கின்சன் பாடும்போது அது வெற்றி முழக்கம், கேட்கிறவனுக்குக் கையைத் தூக்கத் தோன்றும். பிளேஸ் பாடும்போது அவன் பிழைப்பானா என்பதே நமக்குத் தெரியாது. விசாரணையை நினைத்து நடுங்குகிற ஒருவனின் பாட்டுக்கு எது பொருத்தம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்து, 2018இல் தொடங்கிய சுற்றுப்பயணத்திலும் அயர்ன் மெய்டன் இந்தப் பாட்டை மேடையில் வைத்திருந்தார்கள். நாம் வேண்டாம் என்று ஒதுக்குகிற ஆல்பத்திலிருந்து அவர்களே எடுத்துப் பாடுகிறார்கள்.

ஆல்பம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. குழுவைத் தொடங்கியவரும் பெரும்பாலான பாட்டுகளை எழுதுபவருமான ஸ்டீவ் ஹாரிஸின் திருமணம் அந்தச் சமயத்தில்தான் முறிந்தது. பாடகர் போய்விட்டார். பல ஆண்டுகளாக ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்த மார்ட்டின் பர்ச்சும் 1992 ஆல்பத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். ஹாரிஸ் எஸ்ஸெக்ஸில் தன் வீட்டை ஒட்டிய ஸ்டுடியோவில் நைஜல் கிரீனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தயாரிப்பையும் தானே கவனித்து இதைச் செய்து முடித்தார். 'ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்' கேளுங்கள். வாழ்ந்து என்ன என்று யோசிக்கிற ஒரு மனிதன் அப்படியே அதில் இருக்கிறான். அதற்கு முன்னால் பூதம், போர்க்குதிரை, எகிப்து மன்னன் என்று பாடிக்கொண்டிருந்த குழு, முதல் தடவையாகத் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறது. 'ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்' போர் முடிந்து வீடு திரும்பிய பிறகும் தூக்கத்தில் போரை விட்டு வெளியே வர முடியாதவனைப் பற்றியது. 'தி ஆஃப்டர்மேத்' போரில் என்னதான் கிடைத்தது என்று கேட்கிறது. போரைப் பற்றி அவர்கள் முன்பும் பாடியிருக்கிறார்கள், அதில் வீரம் இருந்தது. இதில் அது துளியும் இல்லை. இந்த விஷயங்களையெல்லாம் உச்சஸ்தாயியில் முழங்க முடியாது. முழங்கினால் பொய்யாகப் போய்விடும். பிளேஸின் குரல் இந்த ஆல்பத்துக்கு நேர்ந்த குறை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மறுபடி கேட்க வேண்டும். பாட்டும் குரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது.

குறைகளே இல்லை என்று சொல்லவில்லை. கிட்டார்கள் இரண்டும் ஒல்லியாகக் கேட்கின்றன. டேவ் மர்ரேயும் ஜானிக் கெர்ஸும் வாசிக்கிற குழுவுக்கு இது பெரிய குறைதான், பர்ச் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். பாட்டுக்குப் பாட்டு மெதுவாகத் தொடங்கி, அப்புறம் வேகம் பிடிக்கும் ஒரே பாணி பாதிக்கு மேல் சலிப்புத் தட்டும். 'லுக் ஃபார் தி ட்ரூத்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் 'பிளட் ஆன் தி வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்' தொடக்கத்தில் ஹாரிஸ் தனியாக வாசிக்கிற அந்தப் பேஸ் கிட்டார் துண்டு இருக்கிறதே, நம் கூட்டத்தில் பேஸ் பழகுகிற தம்பிகள் அதற்காகவாவது என் பக்கம் வர வேண்டும்.

இன்னொரு விஷயம். நம்மில் மூத்தவர்கள் பலருக்கு இந்த ஆல்பம் முழுதாகக் கிடைத்ததே இல்லை. தொண்ணூறுகளில் பெங்களூரிலிருந்து யாராவது ஒருத்தர் வாங்கி வரும் சிடியைக் கடையில் கொடுத்து 60 நிமிட வெற்று கேசட்டில் பதிந்து வாங்கிக்கொள்வோம், ஞாபகம் இருக்கிறதா? இந்த ஆல்பம் கிட்டத்தட்ட 71 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு பாட்டோடு ஏ பக்கம் நிறைந்துவிடும். ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை பி பக்கத்தில் சரியாக அடங்கும். பத்தாவதும் பதினொன்றாவதும் அவுட். கேசட் கைமாறிக் கைமாறி, இந்த ஆல்பம் 'தி எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்' பாட்டோடு முடிகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நம் கூட்டத்தில் உண்டு.

அப்படி வெட்டுப்பட்டுப் போன அந்தப் பத்தாவது பாட்டுதான் '2 ஏ.எம்.'. என்னைக் கேட்டால் அயர்ன் மெய்டன் பாட்டுகளிலேயே நம் ஊருக்கு மிக நெருக்கமானது அதுதான். பாட்டில் பேயும் இல்லை, போரும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவன் இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து, நாளைக்கும் இதேதானா என்று யோசிக்கிறான், அவ்வளவுதான். உருக்காலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் விடிய விடியத் தறி ஓடுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்து அலுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பிளேஸ் இந்தப் பாட்டில் கத்தவே இல்லை. எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் குரலில் இருக்கும் அந்தக் களைப்பை வேறு எந்தப் பெரிய பாடகராலும் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை.

பாடகர் மாறுவதே நமக்குப் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. போன் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்து, அதே வருடம் ஜூலையில் ஏசி/டிசி புதுப் பாடகரோடு கொண்டுவந்த ஆல்பத்தை நம் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டோம். ஆஸி ஆஸ்போர்ன் போன பிறகு பிளாக் சபாத்துக்கு டியோ பாடியதையும் கொண்டாடினோம். அவ்வளவு ஏன், அயர்ன் மெய்டனின் முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. அவர் போய் டிக்கின்சன் வந்ததை யாராவது குறை சொன்னோமா? அங்கெல்லாம் வந்தவர் முதல் பாட்டிலேயே கூட்டத்தைக் கையில் எடுத்தார். 'தி எக்ஸ் ஃபேக்டர்' அப்படி எடுக்காது, கேட்கிறவன்தான் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பொறுமையாகக் கேட்பதற்குத்தானே நாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போகிறோம்? வெறும் சத்தம் போதும் என்றால் கீழே சேலம் ஐந்து ரோட்டிலேயே இருந்துவிடலாமே.

அதனால் நான் கேட்பது இது. அடுத்த மாதக் கூட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஆல்பத்தைத் தள்ளி வையுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. அதற்குப் பதிலாக 'தி எக்ஸ் ஃபேக்டர்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், எதையும் தாண்டாமல் கேட்போம். கீழேயிருந்து வரும் வழியில் காரில் ரியோ பதிவைப் போட வேண்டாம், அது காதில் இருந்தால் இது ஏறாது. நடுவில் டீ குடிக்க வேண்டுமென்றால் ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் விடலாம். பாடல் வரிகளை அச்செடுத்து வருகிறேன், தம்பிகளில் யாராவது இரண்டு பேர் அவற்றை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால் நல்லது. சிடி என்னிடம் இருக்கிறது, ஸ்பீக்கரையும் நானே கொண்டு வருகிறேன்.

கேட்டு முடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். எந்தப் பாட்டு, எந்த இடம் என்று குறிப்பிட்டுச் சொன்னால் போதும், அங்கேயே உட்கார்ந்து பேசுவோம். கடைசிப் பாட்டான 'தி அன்பிலீவர்' முடிவதற்குள் மட்டும் யாரும் எழுந்து போக வேண்டாம்.

அன்புடன்,
செவ்வாய்பேட்டையிலிருந்து உங்கள் கூட்டத்து நண்பன்