மேசோட் ஆலைகளும் நம் வீட்டுப் பெண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்லாந்து எல்லையிலுள்ள தையல் ஆலைகளில் நம் பெண்கள் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை பர்மாவின் மோல்மேனில் வாழும் தமிழர்களான நாங்கள் பலரும் படித்தோம். படிப்பறிவு இல்லாததால்தான் அவர்கள் ஏமாறுகிறார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள்; தமிழும் பர்மியும் பிழையின்றி எழுதுவாள். எல்லையிலுள்ள மியாவதிப் பாலத்தைக் கடந்துபோய்த் தாய்லாந்துப் பக்கமுள்ள மேசோட்டில் ஒரு பின்னலாடை ஆலையில் மூன்றாண்டுகள் தைத்தாள். உருப்படிக் கணக்கில் கூலி. காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பதாகும். ஆர்டர் அவசரமென்றால் நள்ளிரவும் தாண்டும். கடவுச்சீட்டும் வேலை அனுமதி அட்டையும் மேற்பார்வையாளரின் மேசைக்குள் பூட்டிக் கிடந்தன. ஐந்தாம் மாதம் வயிறு தெரியத் தொடங்கியதும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தாய்லாந்தின் 1998ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அங்கு வேலை செய்யும் வெளிநாட்டாருக்கும் பொருந்தும். நாளுக்கு 8 மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி, கருவுற்றவர்களிடம் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை வாங்கத் தடை ஆகியவை அதில் உள்ளன. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்யக்கூடாது என்கிறது அதன் 43ஆம் பிரிவு. இவற்றையெல்லாம் அவள் வரிக்கு வரி அறிந்திருந்தாலும், அட்டை கையில் இல்லாமல் தெருவில் இறங்கினால் போலீஸ் பிடிக்கும் என்ற நிலையில், எந்த அலுவலகத்தின் படியை ஏறியிருப்பாள்? கூடிக் கேட்கவும் வழியில்லை. சங்கம் தொடங்கவும் அதன் நிர்வாகக் குழுவில் அமரவும் தாய்லாந்துக் குடியுரிமை வேண்டும் என்பது அந்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம். தையல் மெஷின்களில் பெரும்பாலும் பர்மாப் பெண்களே இருக்கும் மேசோட்டில் அதன் பொருள் சங்கமே இல்லை என்பதுதான்.

கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிப் பர்மாவுக்கு வந்து, அந்தக் கடன் கழியும்வரை அவர் காட்டிய இடத்தில் உழைத்தவர்கள் நம் பாட்டன்மார். அவர்களைப் படிக்காத குற்றத்துக்காக யாரும் குறை சொல்வதில்லை. வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரின் கூலியை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள விட்ட இவளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அவளிடம் சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை. நாள்தோறும் தைத்த உருப்படிகளைத் தேதியிட்டுத் தமிழில் எழுதிவந்த நோட்டு இரண்டு இருக்கின்றன. அவற்றைச் சான்றாகக் காட்டி, இங்கிருந்தபடியே அங்குள்ள தொழிலாளர் ஆய்வாளரிடம் முறையிட வழி உண்டா என்பதை, விவரம் அறிந்த வாசகர் எவரேனும் தங்கள் இதழில் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மோல்மேன்