அப்பாவிடமே கேள்

பிராட்ஃபோர்டு, இங்கிலாந்து,
ஏப்ரல் முதல் வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? போனில் பேசும்போது அப்பா உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவருடைய மறதியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

இந்த ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளால் செழித்த ஊர் இது. ஆலைகள் அநேகமாக மூடிவிட்டன. கரிப்புகை படிந்து கறுத்த கல் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. தெரு எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். ஆலை வேலைக்கென்று பாகிஸ்தான் பக்கமிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் நிறைய. அதனால் பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய் எல்லாம் தெருமுனையிலேயே கிடைக்கும். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, குளிர்தான் இன்னும் பழகவில்லை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் மறதி நோய் வந்தவர்கள்தான் அதிகம். சேர்ந்ததும் முதலில் சொல்லிக் கொடுத்தது மருந்து மாத்திரை விவரம் இல்லை. கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதைத்தான். காலையில் இரண்டு சட்டையை எடுத்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்போம். வெள்ளைத் தட்டில் வெள்ளை மீனை வைத்தால் சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாது, சாப்பிடாமல் விட்டுவிடுவார்கள். நீலத் தட்டில் வைத்தால் தெரியும். அது தெரியாதவர்கள் "சாப்பிட அடம் பிடிக்கிறார்" என்று பெயர் கட்டிவிடுவார்கள்.

தலைமை ஆசிரியராக இருந்த ஒருவர் இருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் கடைக்காரரையும் பஸ் டிரைவரையும்கூடச் செல்லமாகக் கூப்பிடுவார்கள். அவருக்கு அது ஆகாது. "மிஸ்டர்" போட்டு முழுப் பெயர் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் அப்படியே கூப்பிடுகிறோம். ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்த இன்னொரு பெரியவருக்கு, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது, பஞ்சாபி மட்டும் நிற்கிறது. அந்த மொழி தெரிந்த பெண் ஒருத்தி வேலைக்கு வரும் நாளில் அவர் வேறு ஆளாக இருப்பார்.

இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். 1998இல் இறந்துவிட்டார். மறதி வந்தவரை மூளை நோய் மட்டும் சிதைப்பதில்லை, சுற்றி இருப்பவர்கள் நடத்தும் விதமும் சிதைக்கிறது என்று சொன்னவர். குழந்தை போல நடத்துவது, அவசரப்படுத்துவது, ஆள் இருக்கும்போதே இல்லாதது போலப் பேசுவது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இதை யாரும் செய்வதில்லை என்றும் சொன்னார். பயிற்சியில் அதைக் கேட்டபோது நம் வீட்டு நினைப்புதான் வந்தது.

பாங்கில் நடந்ததைச் சொன்னாயே, அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. கையெழுத்து கொஞ்சம் மாறியதும் அந்த ஆள் அப்பா முகத்தைக்கூடப் பார்க்காமல், "பெருவிரல் வைக்கச் சொல்லுங்க" என்று உன்னிடம் சொன்னானாம். சொசைட்டி செக்ரட்டரியாக இருந்து ஊரில் பாதிப் பேரின் கைநாட்டை வாங்கி, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அப்பா. யார் பயிர்க்கடனுக்கு வந்தாலும் நோட்டைத் திறக்காமலே சர்வே எண் சொல்வார். அந்தக் கையில் மை தடவியிருக்கிறார்கள். மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லை என்றாய். ஏன் என்று அவருக்கே நினைவு இருந்திருக்காது. வலி இருந்திருக்கிறது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டிப் பார்த்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளியானது. என்ன பார்த்தோம் என்பது கொஞ்ச நேரத்திலேயே மறந்துபோனது. துக்கம் மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டில் சித்தப்பா பத்துப் பேர் நடுவே "நான் யாருன்னு சொல்லுண்ணே பாப்போம்" என்று பரீட்சை வைத்தாரே, அதுவும் அப்படித்தான். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இங்கே தினமும் பார்க்கிறேன். மாட்டிக்கொண்டவர் தப்பிக்கச் சிரிக்கும் சிரிப்பு அது. யார் வந்தாலும் நீயே முந்திக்கொண்டு, "அப்பா, சித்தப்பா வந்திருக்காங்க" என்று சொல்லிவிடு. "குழந்தை மாதிரி ஆயிட்டாரு" என்று யார் சொன்னாலும் நிறுத்து. எந்தக் குழந்தை முப்பது வருஷம் சொசைட்டிக் கணக்குப் பார்த்தது?

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. ஆள் பற்றாத நாளில் நாங்களும் அவசரப்படுத்துகிறோம். மாதக்கணக்கில் யாரும் பார்க்க வராதவர்கள் உண்டு. அப்பாவுக்குத் திண்ணையும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்புறம், எனக்கு ஷிஃப்ட் முடிந்தால் ஓய்வு. உனக்கும் அவளுக்கும் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். ராத்திரி எழுந்து கதவைத் திறக்கப் போகிறவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வை. அதற்கான பணத்தை மாதாமாதம் தனியாக அனுப்புகிறேன்.

டாக்டரிடம் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்றா என்று கேள். அவை குறைந்தாலும் மறதி வரும், இருக்கிற மறதி கூடும். அவற்றைச் சரிசெய்யலாம். காதையும் ஒருமுறை பார்க்கச் சொல். காதில் விழாததையும் மறதிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

மேலத்தோட்டத்துக் குத்தகை பற்றிச் சித்தப்பா உன்னிடம் கேட்டதாகச் சொன்னாய். அது அப்பா பெயரில் இருக்கும் நிலம். இங்கிலாந்தில் 2005இல் வந்த ஒரு சட்டம் உண்டு. முடியாது என்று உறுதியாகத் தெரியும்வரை, ஒருவரால் தானே முடிவெடுக்க முடியும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா உதவியும் செய்து பார்த்த பிறகுதான் முடியாது என்றே சொல்லலாம். நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் என்ன? காலையில் காபி குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில் அப்பாவிடமே கேள். பழைய ஆளுக்கே விடுவதா, புது ஆளா என்று இரண்டே வழியாகச் சொல். பதில் வர நேரமாகும், நடுவில் நீ பேசாதே. மறுநாளும் ஒருமுறை கேட்டுப் பார். ஒரே பதில் வந்தால் அதைச் சித்தப்பாவிடம் "அப்பா சொன்னாங்க" என்றே சொல்.

அன்புடன்,
அக்கா