அந்த அட்டையை நான் நிரப்ப மாட்டேன்: எங்க சேகர (சபை நிர்வாக) கமிட்டிக்கு ஒரு டீச்சரோட மடல்

ஐயாவுக்கும், கமிட்டியில இருக்குற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாசம் ஆசிரியர்களுக்குன்னு ஒரு ஸ்தோத்திர ஆராதனை வச்சு எங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு பேனாவும் ஒரு கட்டு அட்டையும் குடுத்தீங்க. பேனா நல்லா எழுதுது, ரொம்ப நன்றி. அட்டைதான் ஒரு மாசமா என் கைப்பையில கிடந்து உறுத்துது. பிள்ளை பேரு, வகுப்பு, தகப்பனார் பேரு, ஊரு, சந்திச்ச தேதின்னு கோடு போட்டு அச்சடிச்சிருக்கீங்க. அரசுப் பள்ளியில வேலை பாக்குற ஒவ்வொரு டீச்சரும் இந்த வருஷத்துக்குள்ள ஒரு பிள்ளையையாவது சபைக்குள்ள கொண்டு வரணுமாம். வெளியூர்ல இருந்து வந்திருந்த பிரசங்கியார் "உங்க வகுப்பறைதான் உங்க ஊழியக்களம், கவர்மெண்டே சம்பளம் குடுத்து உங்கள அங்க அனுப்பி வச்சிருக்கு"ன்னு சொன்னப்ப எல்லாரும் அல்லேலூயா போட்டாங்க. நான் போடல. அன்னைக்கே எந்திரிச்சு கேட்டிருக்கணும், ஆனா வெளிய பிரியாணி தயாரா இருந்துச்சு, யாரு பேச்சை இழுக்குறதுன்னு விட்டுட்டேன். அதான் இப்ப எழுத்துல. நம்ம சபையில மட்டும் படிச்சா போதும்னுதான் முதல்ல நினைச்சேன், ஆனா இந்த அட்டை நம்ம சேகரத்தோட நிக்காதுன்னு தெரிஞ்சதால எல்லாரும் படிக்கிற மாதிரியே போடுறேன்.

நான் யாருன்னு தெரியாதவங்களுக்கு, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில இடைநிலை ஆசிரியை, 22 வருஷ சர்வீஸ். சர்வீஸ்ல இருக்குறவங்களும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணணும்னு 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்ததுல இருந்து இந்த வயசுல நானே ராத்திரி கைடு வச்சுக்கிட்டு படிச்சுக்கிட்டு இருக்கேன், அது தனிக்கதை. விசுவாசத்தை ஒளிச்சு வைக்கிற ஆளா நான்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு சொல்றேன், சாம்பல் புதனுக்கும் பெரிய வியாழனுக்கும் ஆர்.எல். (மத விடுப்பு) போட்டுட்டுத்தான் ஆலயத்துக்குப் போவேன், எங்க ஹெச்.எம்.க்கு தெரியும், கூட வேலை பாக்குறவங்களுக்கு தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். "டீச்சர், நீங்க வேதக்காரவுகளா?"ன்னு ஒவ்வொரு ஜூன் மாசமும் யாராவது ஒரு வாண்டு கேக்கும். ஆமாம்பேன். அதோட முடிஞ்சிரும், அடுத்து உங்க வீட்டுல ஆடு இருக்கான்னு கேப்பான்.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடுறேன், ஏன்னா கமிட்டியில ரெண்டு வக்கீல் இருந்தும் இது எப்படி அச்சுக்குப் போச்சுன்னு எனக்குப் புரியல. அரசியல் சாசனம் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்துல நடக்குற பள்ளியில எந்த மதப் போதனையும் கூடாதுங்குது. 2002ல தமிழ்நாட்டுல மதமாற்றத் தடைச் சட்டம் வந்துச்சு, 2004ல எடுத்துட்டாங்க, இனிமே பயமில்லன்னு அந்த பிரசங்கியார் சொன்னாரே, அது வேற இது வேற. 28ஆவது பிரிவு 1950ல இருந்து அப்படியே இருக்கு, எந்த ஆட்சியிலயும் யாரும் தொடல. 25ஆவது பிரிவு நம்ம மதத்தைப் பரப்ப உரிமை குடுக்குதுன்னு நீங்க சொல்லலாம். குடுக்குது. தெருவுல பேசலாம், கன்வென்ஷன் வைக்கலாம், பிடிக்காதவன் நடையக் கட்டுவான். என் வகுப்புல உக்காந்திருக்கிற ஒன்பது வயசுப் பிள்ளை எங்க எந்திரிச்சுப் போகும்? அது பாசா பெயிலா, வெளிய நிக்கணுமா உள்ள உக்காரணுமா, ஒண்ணுக்குப் போகலாமா கூடாதா, எல்லாம் என் வாயில இருக்கு. அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் கேட்டா அது சரின்னுதான் சொல்லும். எந்த சாமியைக் கும்பிடச் சொன்னாலும் கும்பிடும். அதை எப்படி ஆத்தும ஆதாயம்னு கணக்கு எழுதுவீங்க?

மிஷனரிமார் பள்ளிக்கூடம் வச்சுத்தானே நம்மள ஆளாக்குனாங்கன்னு அன்னைக்கு உதாரணம் சொன்னாங்க. யாரு மறுத்தா? கால்டுவெல் ஐயர் 1841ல இடையன்குடிக்கு வந்தாரு, அவரு வீட்டம்மா எலிசா பொம்பளைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்குடுத்து லேஸ் பின்னவும் சொல்லிக்குடுத்தாங்க, அந்த மாதிரி ஒரு மிஷன் பள்ளியில எங்க பூட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சதாலதான் நான் இன்னைக்கு சாக்பீஸ் பிடிக்கேன். ஆனா அது அவங்க பள்ளிக்கூடம், அவங்க திரட்டுன காசு, அனுப்புற தகப்பனுக்கு எங்க அனுப்புறோம்னு தெரியும். நானும் மிஷன் பள்ளியில படிச்சவதான், அதுவே அரசு உதவி வாங்குற பள்ளி, அங்கயே வேதபாட பீரியட் வந்தா இந்துப் பிள்ளைகள் நீதிபோதனைக்கு பக்கத்து ரூமுக்குப் போயிரும். சம்மதம் இல்லாம உக்கார வைக்கக் கூடாதுன்னு அதே 28ல மூணாவது உட்பிரிவு சொல்லுது. அங்கயே அப்படின்னா, கோயிலுக்குப் போறவன், பள்ளிவாசலுக்குப் போறவன், எங்கயுமே போகாதவன் எல்லாரும் கட்டுற வரியில சம்பளம் வாங்குற நான் எப்படி இருக்கணும்?

இன்னொண்ணும் யோசிங்க. இந்தச் சட்டம் நம்மளைக் கட்டிப் போடுற கயிறுன்னே நினைக்கீங்க, நம்ம பிள்ளைகளுக்கு அதுதான் வேலி. 1985ல கேரளாவுல யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூணு பேரு, தேசிய கீதத்துக்கு மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, ஆனா எங்க விசுவாசப்படி பாட மாட்டோம்னாங்க, பள்ளியை விட்டு அனுப்பிட்டாங்க. 1986ல சுப்ரீம் கோர்ட்டு திரும்ப சேத்துக்கச் சொல்லுச்சு. அவங்க உபதேசத்துக்கும் நம்ம உபதேசத்துக்கும் ஆகாதுதான், நம்ம ஐயரே அவங்க வீட்டுக்கு வந்தா கதவைத் திறக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு. ஆனா அந்தத் தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான். வடக்க எங்கயோ ஒரு அரசுப் பள்ளியில நம்ம பிள்ளையை உக்கார வச்சு வேற சாமி மந்திரம் சொல்லச் சொன்னா நாம எந்தப் பிரிவைத் தூக்கிட்டு கோர்ட்டுக்கு ஓடுவோம்?

சரி, சட்டத்தை விடுங்க. சட்டம் இல்லேன்னாலும் நான் அந்த அட்டையை நிரப்ப மாட்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இயேசு பத்து குஷ்டரோகிகளைச் சொஸ்தமாக்குனாரு. ஒருத்தன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். ஒன்பது பேரு எங்கன்னு கேட்டாருதான், ஆனா அந்த ஒன்பது பேருக்கு திரும்ப குஷ்டம் வந்துச்சுன்னு எங்கயும் எழுதல. குணமானது குணமானதுதான். நான் ஒரு பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்குடுக்கேன்னா அது அவனுக்கு எழுத்து தெரியணும்கிறதுக்காக. தூண்டில்ல மாட்டுற புழுவா அதை நான் குடுத்தா, குடுத்தது எழுத்தே இல்ல.

சின்ன வகுப்புகளுக்கான அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை வச்சிருக்காங்க. போன வருஷம் என் வகுப்புல ஒருத்தன் நாலாம் வகுப்பு வந்தும் அரும்புலயே நின்னான், செங்கல் சூளைக்கு அப்பா அம்மா கூடப் போயிட்டு போயிட்டு வருவான், 'க'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் தெரியாது. தினமும் மதியச் சாப்பாடு முடிஞ்சு இருபது நிமிஷம் அவன் கூட தரையில உக்காந்தேன். ஜனவரியில பஸ் போர்டு படிச்சிட்டேன்னு ஓடி வந்தான், "வள்ளியூர் டீச்சர், வள்ளியூர்!"ன்னு. அன்னைக்கு ராத்திரி நான் முழங்கால் போட்டு அழுதேன். அவன் பேரை எந்த அட்டையிலயும் எழுத எனக்கு மனசு வரல. காலையில அஞ்சு மணிக்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி 31 பேரையும் பேர் சொல்லி ஜெபிக்கேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல, பிள்ளைகளுக்குத் தெரியாது, இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

நான் எல்லாத்தையும் சரியா செஞ்சுட்டேன்னு சொல்ல வரல. காலாண்டு லீவு விடுற அன்னைக்கே எங்க பள்ளியில ஆயுத பூஜையை முன்கூட்டி போட்டுருவாங்க. ஆரம்பத்துல அன்னைக்கு நான் சி.எல். போட்டுட்டு வீட்டுல உக்காந்துக்குவேன், ராஜா தடுத்தும் தன் ஜெபத்தை விடாத பெரிய தானியேல்னு நினைப்பு. லீவு முடிஞ்சு போனா ஒரு பொம்பளைப் பிள்ளை, "எங்க சாமி உங்களுக்குப் பிடிக்காதா டீச்சர்"னு கேட்டுச்சு. எனக்கு வாயே வரல. அதுக்கப்புறம் லீவு போடுறதில்ல. பிள்ளைகளோட சேர்ந்து பெஞ்சு கழுவுவேன், ஒட்டடை அடிப்பேன், சூடம் காட்டுறப்ப ஓரமா அமைதியா நிப்பேன், பொரிகடலையைப் பிள்ளைகளுக்குப் பங்கு வச்சுக் குடுப்பேன். அதை நீங்க தப்புன்னு சொல்லலாம், நம்மளுக்குள்ளயே இதுல ரெண்டு கருத்து இருக்கு, பேசலாம்.

அதே மாதிரி, ஒரு பையனோட அம்மாவுக்கு உடம்புக்கு ரொம்ப முடியல. "உங்க சாமிகிட்டயும் சொல்லுங்க டீச்சர்"னான். சொல்றேன்டான்னேன். சொன்னேன். சனிக்கிழமை அந்த அம்மாவை கூட்டிக்கிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில நின்னேன். அந்தப் படுக்கை பக்கத்துல நின்னு ஒரு கைப்பிரதி நீட்டியிருக்கலாம்தான். முடியாம கிடக்குறவங்ககிட்ட, அதுவும் தன் மகனோட டீச்சர்ங்கிற மரியாதையில தட்டவும் முடியாதவங்ககிட்ட நீட்ட எனக்கு கூச்சமா இருந்துச்சு. அந்தக் கூச்சத்தையும் ஆண்டவர்தான் குடுத்தாருன்னு நம்புறேன்.

இப்ப கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லணும், ஐயா கோவிச்சுக்கக் கூடாது.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ பையனை கூடப் படிக்கிற பசங்களே சாதி வெறியில ராத்திரி வீடு புகுந்து வெட்டுனாங்க, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. நம்ம ஜில்லாதான். அதுக்கப்புறம் அரசு போட்ட ரிட்டயர்டு நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு. கையில சாதியைக் காட்டுற கலர் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டுல சாதி இருக்கக் கூடாது, அகரவரிசையில உக்கார வையின்னு எழுதியிருக்கு. இதெல்லாம் டீச்சர்மார் செய்ய வேண்டிய வேலை. அந்த அறிக்கையைப் பத்தி நம்ம ஆலயத்துல ஒரு பிரசங்கம்? ஒரு ஜெபக் குறிப்பு? நான் கேட்டதா ஞாபகம் இல்ல.

நான் ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லி எங்க பள்ளியில கயிறைக் கழட்ட வைக்க ஆரம்பிச்சோம். கத்தரிக்கோலை எடுக்கல, வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசி அவங்க கையால கழட்ட வச்சோம், ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு தகப்பனார் கேட்டுல நின்னு என்னைக் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டாரு. கடைசி வரைக்கும் கழட்டாதவன் யாருன்னு நினைக்கீங்க? நம்ம ஞாயிறு பள்ளிப் பையன். மனப்பாட வசனத்துல முதல் பரிசு, நீங்கதான் மேடையில டிபன் பாக்ஸ் குடுத்தீங்க. கழுத்துல சிலுவை டாலர், கையில சாதிக் கயிறு. "இது எங்க ஆளுக கலரு டீச்சர், ஆலயத்துல எல்லா அண்ணனும் கட்டியிருக்காங்க"ன்னான். இவன் பேரை நான் எந்த அட்டையில எழுத? இவன் ஏற்கனவே உங்க கணக்குல இருக்கானே!

நம்ம கல்லறைத் தோட்டத்து நடுவுல ஒரு சுவர் ஓடுது. அது எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் புதைச்சிருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகள்ல நாலு பேரு என்கிட்ட படிக்குது. அவங்களை நான் சபைக்கு கூட்டிட்டு வந்தா எந்த வரிசையில உக்கார வைப்பீங்க? 1982ல இந்து-கிறிஸ்தவக் கலவரம் வந்தப்ப மண்டைக்காட்டுல என்ன ஆச்சுன்னு நம்ம பெரியவங்களுக்குத் தெரியும், மதத்தை வச்சு ஒரு பொறி விழுந்தா இந்தப் பக்கத்துல எப்படிப் பத்தும்னு பாத்தவங்க நீங்க. ஒரு டீச்சர் கைப்பையில இந்த அட்டை கிடைச்சா அவ வேலை மட்டும் போகாது, அந்தப் பள்ளிக்கு எங்கள நம்பி பிள்ளையை அனுப்புற பெத்தவங்க நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

எங்கள விசாரிக்க ஆசைன்னா வேற கேள்வி கேளுங்க. பாடம் எடுக்குறியா, செல்லு பாக்குறியா? வராத பிள்ளைக்கு வந்ததா டிக் போடுறியா? (ஒரு காலத்துல நான் வேலை பாத்த பள்ளியில சத்துணவு எண்ணிக்கைக்காக போடச் சொன்னாங்க, நானும் மூணு மாசம் போட்டேன், அதுக்கு இன்னும் மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன்.) பிரம்பை விட்டுட்டியா? கறுத்த பிள்ளையை, மூக்கு ஒழுகுற பிள்ளையை மடியில உக்கார வைப்பியா? இதை அட்டையா அடிச்சுக் குடுங்க, மாசாமாசம் நிரப்பிக் குடுக்கேன்.

அப்புறம் ஒரு வேண்டுதல். ஆலயத்து பக்கத்து ஹால் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்குது. ஆறுல இருந்து எட்டு வரைக்கும் திறந்து விட்டா, லைட்டும் ஃபேனும் இருக்கு, வீட்டுல இடமில்லாத பிள்ளைகள் எந்தத் தெருவுல இருந்தும் வந்து படிக்கட்டும், வாலிபர் ஐக்கியத்துல காலேஜ் படிக்கிற பிள்ளைகள் கணக்கு சொல்லிக்குடுக்கட்டும். ஜெபம் வேண்டாம், பாட்டு வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். கரண்டு பில்லுல என் பங்கு மாசம் ஐநூறு ரூபாய். அடுத்த கமிட்டியில இதை வச்சுப் பேசுங்க.

அட்டை மொத்தம் 14 இருந்துச்சு, எண்ணிட்டேன், ஒண்ணுலயும் எழுதல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வெஸ்ட்ரியில (ஆலயத்து ஆபீஸ் ரூம்ல) கொண்டு வந்து தாரேன்.

இப்படிக்கு,
இடது பக்கம் மூணாவது பெஞ்சுல உக்காருற டீச்சர்