மூன்று பிள்ளைக்கு மடி கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

வருகிற தை மாதம் என் பிள்ளைகள் மூவருக்கும் ஒரு வயது நிறைகிறது. ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். பிறந்த அன்று எடை 1,420 கிராம், 1,280 கிராம், 980 கிராம். மூன்றையும் சேர்த்தாலும் நான்கு கிலோ வராது. இன்று கடைக்குட்டி தரையில் கிடக்கும் சோற்றுப் பருக்கையைத் தானே பொறுக்கி வாயில் வைக்கிறாள். உதவிய ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் வந்து சொல்ல வேண்டியதை இந்த மடலில் சொல்கிறேன்.

கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. மாத்திரை, பிறகு முட்டை வளர ஊசி, விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ என்று அலைந்தோம். மூன்றாவது முறை ஸ்கேனில் ஐந்து முட்டைகள் ஒன்றாக முதிர்ந்திருந்தன. "நல்லா வளர்ந்திருக்கு" என்றார்கள், சந்தோஷப்பட்டோம். வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப். என்றால் எத்தனை கருவை உள்ளே வைப்பது என்பது டாக்டர் கையில் இருக்கிறது. ஊசி போட்டு முட்டை வளர்க்கும்போது எத்தனை வெடித்து வெளியே வரும், எத்தனை கருவாகித் தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் அந்த மாதச் சிகிச்சையை விட்டுவிடலாம் என்பதை எங்களுக்கு அங்கே ஒருவரும் சொல்லவில்லை. இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சிகளே, எத்தனை முட்டை என்று ஒவ்வொரு ஸ்கேனிலும் வாய்விட்டுக் கேளுங்கள். ஏழாவது வாரம் ஸ்கேனில் எனக்கு நான்கு கருப் பைகள் தெரிந்தன.

மதுரை டாக்டரம்மா, முதல் நன்றி உங்களுக்குத்தான். ஒரு தாளை எடுத்து, ஒற்றைப் பிள்ளைக்கு 40 வாரம், இரட்டை என்றால் சராசரியாக 35, மூன்றுக்கு 32, நான்குக்கு 30 என்று எழுதிக் காட்டினீர்கள். சீக்கிரம் பிறந்தால் நுரையீரலுக்கு, கண்ணுக்கு, மூளைக்கு என்னென்ன ஆகலாம் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டு, அதிலும் ஆபத்து உண்டு என்று சொல்லிவிட்டு, "நீங்க எந்த முடிவெடுத்தாலும் நான் கூட இருப்பேன்மா" என்றீர்கள். பத்தாவது வாரத்தில் ஒன்றின் இதயத்துடிப்பு தானாகவே நின்றுபோனது. அதற்காக நான் அழுதபோது "அதான் மூணு இருக்கே" என்று சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

முப்பது வாரம் முடிந்த இரவில் வலி வந்தது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு 108-ல் போனேன். ஓட்டி வந்த அண்ணன் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் "தாயி, பிடிச்சுக்க" என்று சொல்லி மெதுவாக ஏற்றி இறக்கினார். வலியை இரண்டு நாள் தள்ளிப்போட்டு, 24 மணி நேர இடைவெளியில் எனக்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். குழந்தைகளின் நுரையீரல் பக்குவப்படுவதற்கு. நான் அறிவியல் டீச்சர், அதனால் பிறகு தேடிப் படித்தேன். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளிடம் ஆராய்ச்சி செய்தபோது, பிழைக்கவே முடியாத குறைமாதக் குட்டி ஒன்று மூச்சுவிட்டதைக் கவனித்திருக்கிறார். ஹவி என்பவருடன் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் சோதித்து 1972-ல் வெளியிட்டார். அந்த இருவருக்கும், அந்த ஆட்டுக்குட்டிக்கும் என் நன்றி.

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்ஐசியூ) சிஸ்டர்களுக்கு எப்படிச் சொல்வது? முதலில் மூக்கில் குழாய் வழியாக 2 மில்லி பால், பிறகு மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில். உறிஞ்சத் தெரியாத வாயோரம் பாலாடையைச் சாய்த்து, விழுங்கும் வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. மூன்றாவது பிள்ளைக்கு ஊட்டி முடிக்கும்போது முதல் பிள்ளைக்கு நேரம் வந்துவிடும். இரவு டியூட்டி சிஸ்டர் ஒருவர், கடைக்குட்டி மூச்சுவிட மறந்தபோதெல்லாம் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பியதை நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். கங்காரு முறையில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய முறையாம். என் நெஞ்சில் ஒன்று, வார்டில் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்ட என் வீட்டுக்காரர் நெஞ்சில் ஒன்று, கடைசியாக என் மாமியார் நெஞ்சில் ஒன்று. அத்தை, 62 வயதில் நாள் முழுக்க முதுகு வலியோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

எனக்குப் பால் போதவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்தது. 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்திய பால். யார் கொடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். பெயர் தெரியாத அக்காமாரே, உங்கள் பிள்ளை குடித்தது போக மீந்ததை என் பிள்ளைகள் 19 நாள் குடித்தார்கள். ஆசியாவிலேயே முதல் வங்கியை 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸுக்கும் நன்றி.

கண் டாக்டருக்கும் நன்றி. பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தேதி குறித்துக்கொடுத்து, நாங்கள் மறந்துவிடாமல் போன் செய்தார்.

இன்னொன்று. மூன்று பிள்ளைக்கு விரிந்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்க மறுத்து ரத்தம் கொட்டியது. நான்கு யூனிட் தேவைப்பட்டது, ஓ நெகட்டிவ். அதில் ஒரு யூனிட் கொடுக்க ஒரு கல்லூரித் தம்பி பரீட்சைக்கு முதல் நாள் இரவு பைக்கில் வந்தான்.

தை மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை எடுத்துக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான். பெரியவனுக்கு அவன் மடி. நடுவுள்ளவளுக்கு ரத்தம் கொடுத்த தம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டான். 108 அண்ணே, கடைக்குட்டிக்கு உங்கள் மடி வேண்டும். அன்று ஒருநாள் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.