முதல் பிரிமாகுயின் மாத்திரைக்கு முன்னர்: மலையக வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் பணிப்பாளருக்கும், நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இப்போது நம் வைத்தியசாலைகளுக்கு மலேரியா வருவது பெரும்பாலும் வெளிநாடு போய்த் திரும்பியவர்களோடுதான். வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, ஊர் திரும்பிப் பல மாதங்களுக்குப் பிறகும் எழும்பும். அதை அங்கேயே அழிக்கப் பிரிமாகுயின் வேண்டும். நோயாளிகள் அரிதானதால் இந்த மருந்தைக் கையாளும் பழக்கமும் நம் ஊழியர்களிடம் அரிதாகிவிட்டது. எங்கள் கவலை அதுதான்.

செங்குழியத்தை ஒட்சியேற்றத்திலிருந்து காப்பது ஜி6பிடி என்ற நொதியம். பிறவியிலேயே அது குறைந்தவருக்குப் பிரிமாகுயின் கொடுத்தால் செங்குழியங்கள் உடையும். மாத்திரை தொடங்கி ஓரிரு நாளில் சிறுநீர் சாயத்தண்ணி நிறமாகும், கண் மஞ்சளிக்கும், இடுப்பு வலிக்கும், மூச்சு வாங்கும். காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இது நடப்பது தோட்டத்து லயன் வீட்டில். அதை மலேரியாவின் களைப்பென்றே வீட்டார் நினைப்பார்கள். குருதியிலுள்ள கிருமியைக் கொல்லும் குளோரோகுயினும் ஆர்டிமெதர்-லுமெஃபான்ட்ரினும் வழக்கமான அளவில் இப்படிச் செய்வதில்லை. ஆகவே அந்தச் சிகிச்சையை ஜி6பிடி முடிவுக்காகத் தாமதிக்க வேண்டாம். காத்திருக்க வேண்டியது பிரிமாகுயின் மட்டுமே.

ஜி6பிடி பரிசோதனையில்தான் அதிகம் தவறுகிறது. ஒளிர்புள்ளிப் பரிசோதனை, நொதியம் ஏறக்குறைய 30 வீதத்துக்குக் கீழே உள்ளவரை மட்டுமே பிடிக்கும். இந்தக் குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வருவதால் ஆண்களுக்குப் பெரும்பாலும் உண்டு அல்லது இல்லை என்பதே முடிவு. ஒரு மரபணுப் பிரதி மட்டும் பழுதான பெண்ணுக்கோ குழியங்களில் ஒரு பகுதி நலமாகவும் மறுபகுதி குறைபாடாகவும் இருக்கும். அவருக்குச் ‘சாதாரணம்’ என்று முடிவு வந்தாலும் அந்த மறுபகுதி உடையலாம். தேயிலைக் கொழுந்து எடுப்போரில் பெரும்பாலானோர் பெண்கள், அவர்களில் இரத்தசோகை உள்ளவர்களும் அதிகம். ஈமோகுளோபின் 9 கிராமில் இருப்பவருக்கு 2 கிராம் இறங்குவதும் 14 கிராமில் இருப்பவருக்கு இறங்குவதும் ஒன்றல்ல. பெண்களுக்கு, நொதியத்தின் அளவை எண்ணில் காட்டும் அளவறி பரிசோதனையே வேண்டும் என்று கேட்கிறோம்.

பரவலாக உள்ள கையடக்கக் கருவியில் ஒரு கிராம் ஈமோகுளோபினுக்கு நொதியம் 4.0 அலகோ அதற்குக் குறைவோ என்றால் குறைபாடு, பெண்களில் 4.1 முதல் 6.0 வரை இடைநிலை. அந்தக் கருவி இயங்கும் வெப்பநிலை 15 முதல் 40 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் தைமாத விடியலில் சூடாக்காத அறை அதற்கும் கீழே போய்விடும். அறையைச் சூடாக்கி, கருவியையும் சோதனைக் கீற்றையும் அந்தச் சூட்டுக்கு வரவிட்டு, வெப்பமானியைப் பார்த்த பிறகே குருதியை இடச் சொல்லுங்கள். இன்னொன்று: குழியம் உடைந்த சில நாட்களில் சோதித்தால், நொதியம் நிறைந்த இளங்குழியங்களே எஞ்சியிருப்பதால் முடிவு பொய்யாகச் சாதாரணம் காட்டலாம். சந்தேகமிருந்தால் மூன்று மாதத்துக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

மருந்தின் அளவுக்கு வருவோம். குறைபாடு இல்லாதவருக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாள். 45 கிலோ பெண்ணுக்கு அது 11.25 மில்லிகிராம், அதாவது 7.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றரை. எல்லாருக்கும் 15 மில்லிகிராம் என்று எழுதும் பழக்கத்தை விட வேண்டும். குறைபாடுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை, எட்டு வாரம். அதே பெண்ணுக்கு ஒரு வேளைக்கு நாலரை மாத்திரை. இதை அவர் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மருந்து உறையில் ஆங்கிலச் சுருக்கெழுத்து மட்டும் இருந்தால் அந்தத் தவறுக்கு வாசல் திறந்தே கிடக்கிறது. எட்டு வாரத்து மாத்திரையையும் ஒன்றாகக் கையில் கொடுக்க வேண்டாம். வாரந்தோறும் கிளினிக்கில், அல்லது தோட்ட வைத்திய உதவியாளர் முன்னிலையில், கொப்பியில் கையொப்பமிட்டுக் கொடுங்கள். உறையில் ‘கிழமைக்கு ஒருநாள் மட்டும்’ என்று தமிழில் எழுதி, அந்தக் கிழமையையும் குறியுங்கள்.

தொடங்குமுன், 3ஆம் நாள், 7ஆம் நாள் ஈமோகுளோபின் பார்க்க வேண்டும். 2 கிராமுக்கு மேல் இறங்கினாலோ சிறுநீர் கறுத்தாலோ மாத்திரையை நிறுத்தி, குருதியேற்றும் வசதியுள்ள வைத்தியசாலைக்கு உடனே அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரிமாகுயின் கூடாது. பாலூட்டும் தாய்க்கு, குழந்தையின் ஜி6பிடியும் தெரிந்திருக்க வேண்டும். பிரிமாகுயினைப் போன்ற டஃபெனோகுயின் இங்கே வருமானால், நொதியம் 70 வீதத்துக்கு மேல் என்ற எண் கையில் இல்லாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்: ஒரே வேளை மருந்து, உடலில் வாரக்கணக்கில் தங்கும், இடையில் நிறுத்த வழியில்லை.

குறைபாடு உறுதியானவருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டை கொடுங்கள். தவிர்க்க வேண்டியவை என்று டெப்சோன் போன்ற மருந்துகளின் பெயர்களும் நப்தலின் உருண்டையும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். தாய், சகோதரர், பிள்ளைகளையும் சோதிக்கக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம்.

அளவறி கருவி எந்த வைத்தியசாலையில் இருக்கிறது, கீற்றுகள் எப்போது காலாவதியாகின்றன, இரவில் யாரை அழைப்பது என்பதை இந்த மாதமே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தோட்ட மருந்தகச் சுவரிலும் ஒட்டச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையக ஆய்வுகூட, மருந்தக ஊழியர்கள் சிலர்